மகாராஜாவுக்கு நின்ற சோறு

கருங்குன்றத்தை ஆண்ட கடம்பவேள் மகாராஜாவுக்கு மீசை பெரிசு. பசி அதைவிடப் பெரிசு. ஆனால் மனுஷன் நல்லவர். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்பது பேருக்கும் மத்தியானம் அரசாங்கச் சோறு போட்டு வந்தார்.

இரண்டு வருஷம் போட்டும் ஒரு பிள்ளை உடம்பிலும் சதை ஒட்டவில்லை. வயிறு மட்டும் பானை மாதிரி முன்னால் வந்தது. அரண்மனை வைத்தியர் பார்த்துவிட்டு, "எல்லாம் குடல் புழு" என்றார். கஷாயம் காய்ச்சிக் கொடுத்தார். பிள்ளைகள் அதை வாய் நிறைய வாங்கி அவர் வேட்டியிலேயே துப்பினார்கள்.

மந்திரி தாண்டவமூர்த்திக்கு இது போதாதா? அந்தச் சோற்றின் மேல் அவருக்கு வெகுநாளாகவே எரிச்சல். மறுநாள் காலை சபையில் எழுந்தார்.

"மகாராஜா, நாம போடுற சோத்தைப் பிள்ளைங்க தின்னலை, புழு தின்னுது. புழுவுக்கு எதுக்கு அரசாங்கச் சோறு? இன்னியோட நிறுத்திடலாம்."

"பிள்ளைங்க?" என்று கேட்டார் வாஞ்சிலிங்கம். ராஜாவுக்கு யோசனை சொல்வது அவர் உத்தியோகம். வம்பு பேசுவது உபதொழில்.

"வீட்டுல போய்த் தின்னட்டும்!"

வீட்டில் என்ன இருக்கிறதென்று வாஞ்சிலிங்கத்துக்குத் தெரியும். அன்று காலையில்தான் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி சிகப்பாயி அவரிடம் ஓர் உருண்டையைக் காட்டியிருந்தாள். எள்ளு, கருப்பட்டி, முருங்கைக்கீரைப் பொடி. அதற்குள்ளே, வைத்தியரிடம் அளவு கேட்டு இடித்துச் சேர்த்த வாய்விடங்கம் என்ற புழு மருந்து. "கஷாயத்தைத் துப்புற பய இதைக் கேட்டு வாங்கித் தின்பான் சாமி. சோத்தோட குடுத்தா புழுவும் போகும், ரத்தமும் ஊறும்" என்றாள். சோறே நின்றுபோனால் எதோடு கொடுப்பாள், பாவம்?

"மந்திரி சொல்றது நியாயமாத்தான் படுது. ஓலை எழுதுங்க" என்றார் மகாராஜா.

எதிர்த்துப் பேசினால் மகாராஜாவுக்கு மீசை துடிக்கும். மீசை துடித்தால் காது கேட்காது. வாஞ்சிலிங்கம் அதனால் வேறு பக்கமாக வந்தார்.

"பிரமாதம் மந்திரியாரே! ஆனா பிள்ளைகள்னு மட்டும் எழுதினா, அங்கேயே சாப்பிடுற வாத்தியார் வயித்துப் புழு தப்பிச்சிடுமே?"

"அடடே, ஆமாம்!" மந்திரிக்கு உற்சாகம் தாங்கவில்லை. எழுத்தாணியைப் பிடுங்கித் தானே எழுதினார். 'அரசாங்கச் சோறு உண்பவர் எவராயினும், வயிற்றில் புழு இருந்தால் சோறு கிடையாது. அடையாளம்: தூக்கத்தில் பல் கடித்தல், பின்பக்கம் சொறிதல், எவ்வளவு தின்றாலும் பசி தீராமை. விலக்கு யாருக்கும் இல்லை.' மகாராஜா முத்திரை குத்தினார்.

மத்தியானம் எண்பது பிள்ளைகளும் வெறும் தட்டோடு திரும்பிப் போனார்கள். அதே நேரம் மகாராஜா சாப்பாட்டு மண்டபத்துக்கு வந்தார். வாசலில் வாஞ்சிலிங்கம் ஓலையும் கையுமாக நின்றார்.

"நகரும் ஓய், பசிக்குது."

"காலையில இருபது இட்டிலி ஆச்சே மகாராஜா. அதுக்குள்ள பசியா? ஓலையில மூணாவது அடையாளம்."

"என்ன உளர்றீர்? ராஜா வயித்துல புழுவா?"

"உள்ளே இருக்கிறது அரசாங்கச் சோறு. ஓலை உங்களுக்கும்தான். தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?"

"சேச்சே!"

உள்ளேயிருந்து மகாராணியின் குரல் வந்தது. "நல்லாக் கேட்டீங்க! பன்னிரண்டு வருஷமா நான் எங்கே தூங்கினேன்? தலைமாட்டுல அம்மி அரைக்கிற சத்தம்!"

மகாராஜாவின் முகம் சிவந்தது. "சரி, இரண்டாவது அடையாளம்?"

வாஞ்சிலிங்கம் மகாராஜாவின் வலது கை அப்போது இருந்த இடத்தை மட்டும் பார்த்தார். வருஷக்கணக்காகச் சபையில் எல்லோரும் பார்த்த காட்சிதான். பார்க்காத மாதிரி நடித்ததும் எல்லோரும்தான். மகாராஜா கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"ஓலையைக் கிழியும்!"

பின்னாலேயே வந்திருந்த மந்திரி பதறினார். "முத்திரை வெச்ச ஓலை மகாராஜா! மத்தியானமே கிழிச்சா ஊர் சிரிக்கும்!"

"அப்போ வைத்தியரைக் கூப்பிடுங்க!"

கஷாயம் வந்தது. மகாராஜா ஒரு வாய் குடித்தார். மறுநொடி அது மந்திரியின் பட்டு அங்கவஸ்திரத்தில் இருந்தது. வாஞ்சிலிங்கம் மெல்ல மடியை அவிழ்த்து உருண்டைகளை நீட்டினார்.

"இது சிகப்பாயி வீட்டுப் பண்டம். அரசாங்கச் சோறு இல்லை."

மகாராஜா ஒன்று தின்றார். இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றார். மந்திரியிடமும் ஒன்று நீட்டினார்கள். "எனக்கு அந்த வியாதியெல்லாம் கிடையாது" என்று அவர் மூக்கைச் சுளித்தார்.

மறுநாள் காலை சபை கூடி வெகுநேரம் காத்திருந்தது. ஒருவழியாகக் கொல்லைப்புறத்திலிருந்து மகாராஜா வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பதினாறு!" என்றார், போரில் ஜெயித்து வந்தவர் மாதிரி.

பிறகு சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். சிரிப்பு குறைந்தது. "ஒரு வேளை சோறு இல்லாம எனக்கே கண்ணு இருட்டிடுச்சு ஓய். அந்தப் பிள்ளைங்க நேத்து என்ன செஞ்சிருக்கும்? ஊர் சிரிச்சா சிரிக்கட்டும்." ஓலையை வாங்கித் தன் கையாலேயே கிழித்தார். இன்று மத்தியானமே பிள்ளைகளுக்குச் சோறும், வைத்தியர் சொல்லும் நாளில் சிகப்பாயி உருண்டையும் என்று புது ஓலை எழுத வைத்தார்.

"பாரும் வாஞ்சிலிங்கம், எனக்கே தெரியாம இத்தனை நாள் என் சோத்தைப் பதினாறு பேர் உட்கார்ந்து தின்னிருக்காங்க!"

"பதினேழு, மகாராஜா."

"பதினாறுதான். நான் எண்ணினேன்."

"வெளியே போனது பதினாறு. ஒருத்தர் இன்னும் உங்க பக்கத்துலயே உட்கார்ந்திருக்கார்."

மகாராஜா திரும்பினார். பக்கத்து ஆசனத்தில் தாண்டவமூர்த்தி. மகாராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவிக் காதில் தொங்கியது.

"அந்தப் பதினேழாவதையும் இப்பவே வெளியே அனுப்பும் ஓய். நேரே பள்ளிக்கூடத்துக்கு. தலையில உருண்டைக் கூடையோட!"