பச்சைக் கதவு வீட்டு ஆத்தா

“என் பாட்டைக் கேட்டு ஊரெல்லாம் சாமியாடுது. எனக்கு மட்டும் அவ ஒரு நாளும் வந்ததில்ல. ஏம்மா?”

கமலவேணி இதைக் கேட்டபோது வடிவம்மா முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

கேட்டவள் லேசுப்பட்ட ஆள் இல்லை. சினிமாவில் அம்மன் பாட்டு என்றால் இருபது வருஷமாக அவள் குரல்தான். படத்தின் கடைசியில் வில்லன் கதாநாயகியைக் கோயில் வாசலில் மடக்குவான். அவள் அம்மனைப் பார்த்துப் பாடுவாள். உடுக்கையும் பம்பையும் சேர்ந்துகொள்ளும். ‘வா, வா’ என்று குரல் ஏறி ஏறி உச்சியில் போய் நிற்கும். சூலம் தானாக அசையும். அந்த இடம் வந்தால் தியேட்டரில் பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஆடுவார்கள். திரைக்கு முன்னால் சூடம் கொளுத்துவார்கள்.

பாடினவளுக்கோ கண்ணாடி அறை, காதில் ஹெட்போன், பக்கத்தில் ஒரு பிளாஸ்க் வெந்நீர். அவ்வளவுதான்.

வடிவம்மா அவளைவிட வயதில் சின்னவர். ஏரிக்கரை அம்மன் கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாக இருந்தார். கேள்வியோடு வருகிறவர்களுக்கு அவர் பதில் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஏதாவது வேலை கொடுப்பார். இருந்தும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

“தொண்டையில ஆபரேஷன் ஆயிடுச்சும்மா,” என்றாள் கமலவேணி. “மேல போனா குரல் உடையுது. வெள்ளிக்கிழமை ஒரு ரெக்கார்டிங். அம்மன் பாட்டு. அந்த உச்சியை ஒரே ஒரு தடவை தொட்டுட்டாப் போதும், இந்த வாட்டி அவ வந்துடுவா. எனக்குத் தெரியும். அந்தக் குரலை மட்டும் அவகிட்ட சொல்லி வாங்கிக் குடுங்க.”

“இல்லேன்னா?”

“இல்லேன்னா இத்தனை வருஷமா நான் யாரைக் கூப்பிட்டேன்?”

சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

வடிவம்மா முறத்தைக் கீழே வைத்தார். “உங்களுக்கு அம்மை போட்டிருக்கா?”

“சின்ன வயசுல.” நெற்றிப் பொட்டை விரலால் துடைத்துத் தழும்பைக் காட்டினாள். அவளுடைய பெரிய குங்குமப் பொட்டைப் பக்திக்கு அடையாளம் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. அது தழும்பை மறைக்க வைத்தது.

“அப்ப சரி. அந்த மரத்துல வேப்பிலை ஒடிச்சுக்கிட்டு என் கூட வாங்க. கொழுந்தாப் பாத்து ஒடிங்க.”

ஆடி மாதம். கோயில் அரசமரத்தில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கர் தெருவையே அதிர வைத்தது. அவள் பாட்டேதான்.

“கோட்டை இடிய வா, கொடுமை பொடிய வா…”

கூழுக்குத் தூக்கோடு நின்ற பெண்கள் கூடவே பாடினார்கள். பாடினவள் அவர்களை உரசிக்கொண்டுதான் போனாள். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், மறைப்பானேன்.

தெருக்கோடியில் பச்சைக் கதவு போட்ட வீடு. வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. இருவரும் மஞ்சள் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார்கள்.

தரையில் வேப்பிலை பரப்பி, மேலே வெள்ளை வேட்டி விரித்து, அதில் ஒருவர் படுத்திருந்தார். லாரி ஓட்டுகிறவர். வாட்டசாட்டமான உடம்பு, முறுக்கு மீசை. மீசைக்குள்ளும் அம்மை முத்து போட்டிருந்தது. டாக்டர் காலையில் வந்து பார்த்து மருந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மனைவி பூங்காவனம் தலைமாட்டில் உட்கார்ந்து வேப்பிலைக் கொத்தால் வீசிக்கொண்டிருந்தாள்.

“ஆத்தா எரியுதுங்கறா, வடிவம்மா,” என்றாள் பூங்காவனம். “ராத்திரியெல்லாம் பொட்டுத் தூக்கமில்ல அவளுக்கு.”

யாரைச் சொல்கிறாள் என்று கமலவேணி ஒரு கணம் திகைத்தாள். பிறகு நினைவு வந்தது. அம்மை கண்டவரை வீட்டில் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் படுத்திருப்பது மாரியம்மாதான். மீசை இருந்தால் என்ன, லாரி ஓட்டினால் என்ன.

வெளியே ஸ்பீக்கரில் குரல் உச்சிக்குப் போயிற்று. படுத்திருந்த உடம்பு தூக்கிப் போட்டது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு முனகியது.

“அந்தப் பாட்டுதான்,” என்றாள் பூங்காவனம். “அது மேல ஏறும்போதெல்லாம் ஆத்தா இப்படித்தான் துடிக்கிறா. போய் நிறுத்தச் சொல்லலாம்னா, இவளைத் தனியா விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?”

வடிவம்மா கமலவேணியைப் பார்த்தார். “நீங்க போய் நிறுத்தச் சொல்லுங்க.”

“நானா?”

“நீங்கதான்.”

“அது என் பாட்டும்மா,” என்றாள் கமலவேணி. “அந்த உச்சி இப்ப என் தொண்டையில இல்ல. அந்த ஸ்பீக்கர்ல மட்டும்தான் இருக்கு.”

வடிவம்மா வேப்பங்கொழுந்தை உருவ ஆரம்பித்துவிட்டார்.

கமலவேணி போனாள். மனசில்லாமல்தான் போனாள்.

மைக்செட்காரர் மரத்தடியில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“இந்தப் பாட்டையா நிறுத்தச் சொல்றீங்க? என்னக்கா நீங்க! கமலவேணி கூப்பிட்டாத்தான் அம்மா இந்தத் தெருவுக்கே வருவா. யாரை வேணா கேட்டுப் பாருங்க.”

வேறு ஒரு நாளாக இருந்தால் இதைக் கேட்டு அவளுக்குத் தலைகால் புரிந்திருக்காது. நான்தான் அந்தக் கமலவேணி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஸ்பீக்கரில் குரல் ஏறிக்கொண்டிருந்தது. வா… வா…

அவள் பச்சைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அவ எப்பவோ வந்துட்டாப்பா,” என்றாள். “அந்த வீட்ல படுத்திருக்கா. இந்தச் சத்தத்துல அவளால தூங்க முடியல.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. உடம்பு ஒரு முறை சிலிர்த்து அடங்கியது.

மைக்செட்காரர் பச்சைக் கதவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அய்யோ, தெரியாதுக்கா” என்று ஒயரைப் பிடுங்கினார். உச்சிக்குப் போகிற வழியிலேயே பாட்டு அறுந்தது. தெருவில் கூழ் ஊற்றுகிற கரண்டிச் சத்தம் கேட்டது.

அவள் திரும்பி வந்தபோது பூங்காவனம் கிட்டத்தட்டக் கெஞ்சினாள். “தாலாட்டித் தாலாட்டி என் தொண்டை கட்டிப் போச்சு. நீங்களாச்சும் ஆத்தாவுக்கு ஒரு பாட்டுப் பாடுங்களேன்.”

வடிவம்மா வேப்பிலைக் கொத்தை வாங்கிக் கமலவேணியின் கையில் கொடுத்தார்.

“எனக்குக் குரலே இல்லையேம்மா.”

“அவ பக்கத்துலதானே இருக்கா,” என்றார் வடிவம்மா.

கமலவேணி தலைமாட்டில் உட்கார்ந்தாள். இருபது வருஷத்துப் பாட்டுகளை மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். ஒன்றுகூட உதவாது. எல்லாமே எழுப்புகிற பாட்டு. அதையெல்லாம் தள்ளிய பிறகு, நெற்றியில் தழும்பு விழுந்த வருஷம் அவள் அம்மா காதோரம் பாடியது மெல்ல வந்தது.

“வேப்பிலை விரிச்சிருக்கேன்,
விசிறியோட காத்திருக்கேன்,
வெயிலேறி வந்தவளே,
கண்ணசரு, கண்ணசரு…”

இரண்டாம் வரியிலேயே குரல் உடைந்தது. கண்ணாடி அறையாக இருந்தால் கையைக் காட்டி நிறுத்தியிருப்பாள். இங்கே உடைந்தது உடைந்தபடியே பாடினாள். வேப்பிலையால் வீசிக்கொண்டே, திரும்பத் திரும்ப அதையே பாடினாள்.

பொத்தியிருந்த கைகள் காதைவிட்டு நழுவின. மூச்சு சீரானது. சுவரில் சாய்ந்திருந்த பூங்காவனமும் கண்ணை மூடினாள். கமலவேணிக்குக் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு வடிவம்மா எழுந்தார். அம்மை வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. நிலைப்படி வரைக்கும் போனவர் திரும்பி நின்றார்.

“வெள்ளிக்கிழமை ரெக்கார்டிங்னு சொன்னீங்களே, அந்த உச்சி…”

கமலவேணி பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தாள்.

“மெதுவாப் பேசுங்கம்மா. இப்பத்தான் கண்ணசந்தா.”