முந்நூறு கோடுகளும் ஒரு கோடும்

"முந்நூறு பேர் என்னைக் காட்டுறாங்க. ஆனாலும் நான் நாற்பதாவது இடத்துலதான் நிக்கிறேன்" என்றார் டாக்டர் சிகாமணி.

உமையாள் களத்தில் காய்ந்துகொண்டிருந்த காப்பிக்கொட்டையைப் பலகையால் கிளறிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எங்க நிக்கிறீங்க?"

"தேடுபொறியில. பாம்பு கடிச்சா என்ன செய்யணும்னு எங்க தாலுகாவுல யார் போன்ல தேடினாலும், என் பக்கம் நாற்பதாவதா வருது. கடிபட்டவன் நாற்பது பக்கம் படிப்பானா?"

"முதல்ல யார் வர்றாங்க?"

"ஒரு வேர்மருந்துக்காரன். இறுக்கிக் கட்டு, கீறி விடு, என் வேரை அரைச்சுக் குடி. மூணும் ஆளைக் கொல்ற வேலை."

"நீங்க என்ன எழுதியிருக்கீங்க?"

"கட்டாதே, கீறாதே, ஆடாம அசையாம வெச்சு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வா."

அவள் பலகையைத் திருப்பி அடுத்த வரிசைக்குப் போனாள்.

சிகாமணிக்கு ஐம்பத்தெட்டு வயது. அவளுக்கு அவர் மகள் வயதுகூட இருக்காது. நகரத்தில் ஒரு தேடுபொறி நிறுவனத்தில், எந்தப் பக்கம் முன்னால் நிற்க வேண்டும் என்று கணக்கிடும் வேலையில் இருந்தவள். ஒருநாள் விட்டுவிட்டு இந்த மலைக்கு வந்து காப்பி காயப்போட ஆரம்பித்தாள். கேள்வியோடு வருகிறவர்களை அவள் துரத்துவதில்லை. பதில் சொல்வதும் இல்லை என்றுதான் கேள்வி.

"போன நடவுல ஒரு பொண்ணு" என்றார் டாக்டர். "வயலுக்கும் என் ஆஸ்பத்திரிக்கும் நாலு கிலோமீட்டர். மூணு மணி நேரம் வேர் தேடி அலைஞ்சிருக்காங்க. என் கையிலதான் போச்சு. அடுத்த நடவுக்கு இன்னும் ஆறு வாரம்."

பலகை நின்றது.

"அந்த முந்நூறு பேர் யாரு?"

"நர்சிங் கல்லூரியில பாடம் எடுக்கிறேன். ஆளுக்கொரு பக்கம் தொடங்கி, அதுலேர்ந்து என் பக்கத்துக்கு லிங்க் போடச் சொல்லி அசைன்மெண்ட் குடுத்தேன். ஒரு பிள்ளை பாக்கி இல்லாம போட்டாங்க."

"அந்த முந்நூறு பேரை யார் காட்டுறாங்க?"

டாக்டர் யோசித்தார்.

"அவங்களை எதுக்கு ஒருத்தர் காட்டணும்?"

உமையாள் ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

*

களத்தின் பாதியை அவள் கூட்டிக் கொடுத்தாள்.

அவருடைய தாலுகாவில் பாம்பைப் பற்றி ஒரு வரியாவது இருக்கும் பக்கங்கள் எத்தனை என்று தேடச் சொன்னாள். நாற்பத்தொன்று இருந்தன. அரசுப் பள்ளி, வன அலுவலகம், பஞ்சாயத்து, மாணவர் விடுதி, விவசாயிகள் சங்கம், பஸ் நேரம் போடும் பக்கம், கோயில் திருவிழாப் பக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம். ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு லிங்க் இருந்தால், அந்த வட்டத்திலிருந்து இந்த வட்டத்துக்கு ஒரு கோடு.

இரண்டு நாள் ஆயிற்று. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது.

தன் முந்நூறையும் வரைந்தே தீருவேன் என்றார். ஒரு மூலையைக் காட்டினாள். நெல்லிக்காய் அளவில் முந்நூறு வட்டங்கள் போட்டு, முந்நூறு கோடுகளைத் தன் வட்டத்துக்கு இழுத்தார். தூரத்திலிருந்து பார்க்க சூரியன் உதிப்பதைப் போல இருந்தது. அவருக்குத் திருப்தி.

உமையாள் வந்து அவருடைய வட்டத்துக்குள் நின்றாள்.

"இங்கேருந்து எங்க போறது?"

"எங்கயும் போக வேண்டாம். எல்லாம் இதுலயே இருக்கு."

"ஓஹோ" என்றாள்.

*

மறுநாள் காலையில் ஒரு மூட்டை காப்பிக்கொட்டையையும் ஒரு பகடையையும் கொடுத்தாள்.

"நடங்க."

"எப்படி?"

"ஏதாவது ஒரு வட்டத்துல நில்லுங்க. ஒரு கொட்டையைப் போடுங்க. பகடையை உருட்டுங்க. ஒண்ணைத் தவிர எது விழுந்தாலும், அங்கேருந்து போற கோடுகள்ல ஒண்ணைக் கண்ணை மூடித் தொட்டு, அது போற இடத்துக்குப் போங்க. அங்க ஒரு கொட்டை."

"ஒண்ணு விழுந்தா?"

"படிக்கிறவனுக்கு அலுத்துப்போச்சுன்னு அர்த்தம். புதுசா ஆரம்பிப்பான். இந்த ஏழு வட்டம் உங்க ஊர்க்காரங்க யாரும் சொல்லாமலே வந்து பார்க்கிற பக்கங்க. பள்ளிக்கூடம், பஸ் நேரம், திருவிழா, இந்த மாதிரி. சீட்டுக் குலுக்கி ஏழுல ஒண்ணுல போய் நில்லுங்க. கோடே வெளிய போகாத வட்டத்துல மாட்டிக்கிட்டாலும் அதேதான்."

"எவ்வளவு நேரம்?"

அவள் மூட்டையைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

நடந்தார். வெயில் ஏறியது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார். பகடை சொன்னபடி, கோடு போனபடி. முதலில் ஒவ்வொரு அடியையும் எண்ணினார். பிறகு எண்ணிக்கை மறந்துபோயிற்று. யாரோ ஒருவன் எதையோ தேடிக்கொண்டு தன் கால்களால் நடப்பதைப் போல இருந்தது.

மூட்டை தீர்ந்தபோது சாயங்காலம். நிமிர்ந்து பார்த்தார்.

முந்நூறு வட்டங்கள் இருந்த மூலையில் ஒரு கொட்டைகூட இல்லை. நாளெல்லாம் நடந்ததில் அந்தப் பக்கம் அவர் போகவே இல்லை. போவதற்கு வழி இல்லை.

அவருடைய வட்டத்தில் பதினோரு கொட்டைகள், பஞ்சாயத்திலிருந்து வந்த ஒற்றைக் கோட்டின் வழியாக.

வேர்மருந்துக்காரன் வட்டத்தில் ஒரு குவியல்.

"பகடையில கோளாறு" என்றார்.

"இருக்கலாம்" என்றாள் உமையாள். "கூட்டி அள்ளுங்க. நாளைக்கு வேற இடத்துலேர்ந்து தொடங்குங்க. பகடை வேணா வேற தர்றேன்."

*

மறுநாள் கோயில் திருவிழாவிலிருந்து தொடங்கினார். அதற்கு மறுநாள், வேண்டுமென்றே, தன் வட்டத்திலிருந்து.

வழிகள் ஒவ்வொரு நாளும் வேறு. முதல் நாள் போன தடத்தில் இரண்டாம் நாள் கால் படவில்லை. ஆனால் சாயங்காலம் நிமிர்ந்தபோது குவியல்கள் அதே இடங்களில், கிட்டத்தட்ட அதே உயரத்தில் இருந்தன. பெரியது பெரியதாக, சிறியது சிறியதாக.

டாக்டர் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார். மூடுபனி ஏறிவந்து வட்டங்களை ஒவ்வொன்றாக மூடியது. குவியல்கள் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தன.

"இதை யார் முடிவு பண்ணினது?" என்று கேட்டார். குரல் தானாகத் தாழ்ந்திருந்தது.

"நீங்கதானே நடந்தீங்க."

"நான் கோடு போன வழியில போனேன்."

"கோடு யார் போட்டது?"

"அந்தந்தப் பக்கத்துக்காரங்க. ஆனா அவங்க யாரும் இதைப் போட நினைக்கலையே. பஸ் நேரம் போடுறவனுக்கு வேர்மருந்துக்காரனைத் தெரியவே தெரியாது."

"தெரியாது" என்றாள்.

 அவள் பரப்பிய கொட்டை நனையாமல் தார்ப்பாய் இழுத்துவிட்டாள்.

"அந்த வேர்மருந்துக்காரரை எத்தனை பேர் காட்டுறாங்க?" என்றாள், போகிறபோக்கில்.

டாக்டர் எழுந்து போய் அந்த வட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். மூன்று நாளாகக் குவியலைத்தான் பார்த்திருந்தார். கோட்டைப் பார்க்கவில்லை.

ஒன்றுதான்.

ஒரே ஒரு கோடு. அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். அது ஒரு வட்டத்தில் போய் முடிந்தது. அங்கே இன்னும் பெரிய குவியல். பள்ளிக்கூடத்திலிருந்து, வன அலுவலகத்திலிருந்து, விடுதியிலிருந்து, பஸ் நேரத்திலிருந்து, ஊரில் பெயர் சொல்லும்படியாக எது இருக்கிறதோ அதிலிருந்தெல்லாம் கோடுகள் அதற்கு வந்தன. வெளியே போனது அந்த ஒன்று மட்டும்.

"இவர் யாரு?" என்று கேட்டாள் உமையாள்.

"பாம்பு பிடிக்கிற ஆளு. சடையன்னு பேரு. இவன் பக்கத்துல வைத்தியம் ஒண்ணும் கிடையாது. பாம்பு வந்தா கூப்பிட ஒரு நம்பர். கடிச்சா யாரைப் பார்க்கணும்னு கீழ ஒரு வரி. அவ்வளவுதான்."

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

டாக்டருக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால், கடிபட்ட ஒருவனைத் தோளில் தாங்கிக்கொண்டு சடையன் ஆஸ்பத்திரிக்குள் வந்தார். மற்றக் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே கட்டுவிரியன், உயிரோடு. கடித்தது எது என்று டாக்டர் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று கொண்டுவந்தது. வார்டே எழுந்து ஓடியது. "அறிவு இருக்காய்யா உனக்கு? வெளிய போ" என்று எல்லார் முன்னாலும் கத்தினார் டாக்டர். கடிபட்டவன் பிழைத்தான். வெளியே கேட் அருகில் வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற சடையன், அவர் காரில் ஏறும்போது கிட்டே வந்தார்.

"இனிமே கடிபட்டவங்களை இங்கயே அனுப்பலாங்களா டாக்டர்? உங்க நம்பர் கொடுத்தா எழுதி வெச்சுக்குவேன்."

டாக்டர் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

டாக்டர் சுண்ணாம்புக் கட்டியை எடுத்தார். சடையன் வட்டத்தின் விளிம்பில் மண்டியிட்டு, அங்கிருந்து தன் வட்டத்துக்கு ஒரு கோடு இழுக்கப் போனார்.

"அந்தக் கோடு உங்களுது இல்ல" என்றாள் உமையாள். "அவரோடது."

கை நின்றது.

"எனக்கு எது?"

"உங்க வட்டத்துலேர்ந்து கிளம்பறது."

அவர் தன் வட்டத்தைப் பார்த்தார். முந்நூறு கோடுகள் வந்து முட்டி நிற்கும் வட்டம். ஒன்றும் வெளியே போகாதது. எழுந்து போய் அதன் நடுவில் நின்றார். பிறகு குனிந்து, அங்கிருந்து களத்தின் குறுக்கே, மற்றவர்களின் கோடுகளை மிதிக்காமல், சடையன் வட்டம் வரைக்கும் ஒரு கோடு போட்டார்.

மறுநாள் காலை மலையிறங்கினார். சொல்லிக்கொள்ளப் போனபோது உமையாள் களத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

*

சடையன் வீடு அரிசி ஆலைக்குப் பின்னால் இருந்தது. வாசல் கொக்கியில் ஒரு துணிப்பை தொங்கியது. அது மெல்ல அசைந்தது.

"யார் வீட்ல பாம்பு டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டே சடையன் வெளியே வந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"பாம்பு இல்ல. அன்னைக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்க. கடிபட்டவங்களை எங்க அனுப்பறதுன்னு."

"மூணு வருசமாச்சு."

"ஆமா."

"வேர்க்காரர் அந்த வாரமே வீடு தேடி வந்து சொல்லிட்டாருங்க. என்னை வெயில்ல நிக்க வெக்கல."

டாக்டர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"நடவுல ஒரு பொண்ணு போச்சு" என்றார்.

"தெரியும். அந்த வரப்புல மறுநாள் பாம்பைப் பிடிச்சது நான்தான்."

அந்தப் பெண்ணின் வீட்டார் யார் காட்டி வேருக்குப் போனார்கள் என்று டாக்டர் சொல்லவில்லை. வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"கடிபட்டவங்களோட நான் வந்தா?" என்றார் சடையன்.

"உள்ள வாங்க."

"டப்பாவோட வந்தா?"

டாக்டர் துணிப்பையைப் பார்த்தார்.

"டப்பாவோட வாங்க. மூடி மட்டும் கொஞ்சம் இறுக்கமா இருக்கட்டும்."

சடையன் முதல்முறையாகச் சிரித்தார். "போனைக் குடுங்க, அப்படி என்னத்த எழுதியிருக்கீங்கன்னு பாப்போம்."

எழுத்துக் கூட்டி, அவசரப்படாமல், கடைசிவரை படித்தார். கடைசியில் சடையன் பெயர் இருந்தது. பாம்பைக் கண்டால் அடிக்காதீர்கள், இவரைக் கூப்பிடுங்கள் என்று இருந்தது.

"இது எப்பப் போட்டது?"

"முந்தாநாள்."

"நான் என்னோடத மாத்தலைன்னா?"

"இது அப்படியே இருக்கும்."

சடையன் போனைத் திருப்பிக் கொடுத்தார்.  கொக்கியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு, காட்டில் விட்டுவிட்டு வர வேண்டும் என்று சைக்கிளை நகர்த்தினார்.

*

நடவு தொடங்கியது.

இரண்டாம் வாரம், பொழுது சாயும் நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் ஆஸ்பத்திரிக்குள் வந்தது. நடுவில் ஒரு பெண். பின்னால் இருந்தவள் துண்டை மடித்து வைத்து அவளுடைய காலை அணைத்துப் பிடித்திருந்தாள். கட்டு இல்லை. கீறல் இல்லை. இரண்டு பல் தடங்கள் மட்டும், சேற்றைக் கழுவியதும் தெளிவாகத் தெரிந்தன.

"கடிச்சு எவ்வளவு நேரம்?"

"அரை மணி இருக்குங்க" என்றான் ஓட்டிவந்தவன். அவள் புருஷன். மூச்சு வாங்கியது.

விஷமுறிவு மருந்து சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது. கண் இமை விழாமல் இருக்கிறதா என்று பார்த்தார். நாடி பார்த்தார். பெண் தண்ணீர் கேட்டாள். குரல் குழறவில்லை.

"பயம் இல்ல" என்றார். "யார் சொல்லி நேரா இங்க வந்தீங்க?"

"யாரும் சொல்லலைங்க. போன்ல தேடினேன். முதல்ல இதான் வந்துச்சு."

டாக்டரின் கை அவளுடைய நாடியிலேயே இருந்தது.

ஏழாம் வகுப்பு அறையில் பாம்பு பிடித்த அன்று சடையனுக்கு நன்றி என்று ஒரு வரி எழுதிய வாத்தியார். விடுதிச் சுவரில் நம்பர் கேட்டு வாங்கி ஒட்டி, பக்கத்திலும் ஏற்றிய வார்டன். பஸ் நேரத்துக்குக் கீழே இடம் காலியாக இருக்கிறதே என்று அதைச் சேர்த்த ஒருவன். எழுதியதை அன்றே மறந்துபோனவர்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். இந்தப் பெண்ணின் பெயர் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. கடைசியாக, என்றைக்கு என்று தெரியாத ஒரு நாளில், சைக்கிளை ஓரங்கட்டிவிட்டுப் போனை எடுத்து அந்தக் கடைசி வரியை மாற்றிய சடையன்.

"நிறையப் பேர் சொல்லியிருக்காங்க" என்றார் டாக்டர்.

யாரைச் சொல்கிறார் என்று அவன் திரும்பி வாசலைப் பார்த்தான்.