கூட்டம் முடிந்த நேரம்

துறைமுகம் கட்டலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்கச் சங்குக்கரைக்கு ஓர் அதிகாரி வந்தார். கம்பெனிக்குச் சீக்கிரம் அனுமதி வேண்டும். அதிகாரிக்குச் சண்டையில்லாமல் ஒரு கூட்டம் வேண்டும். மீனவர்களுக்கோ வள்ளம் நிறுத்தக் கரை வேண்டும்.

மேடைக்கு டீ கொண்டுபோன ரோஸ்லின், அந்த ஊரில் மீன் விற்கிறவள். அதிகாரியின் முன்னால் திறந்து கிடந்த ஃபைலை, டம்ளரை வைக்கும்போதே படித்துவிட்டாள். நேரே போய்ப் பேசுகிறவர்கள் வரிசையில் நின்றுகொண்டாள்.

"ஒரு நிமிஷம்தான். சுருக்கமா பேசும்மா," என்றார் அதிகாரி.

"அய்யா, இப்ப மணி என்ன?"

"பதினொன்னு. விஷயத்துக்கு வா."

"சாயங்காலம் நாலு மணிக்கு நாங்க எல்லாரும் சம்மதிச்சு, கைதட்டி, கூட்டம் முடிஞ்சதா உங்க ஃபைல்ல டைப் அடிச்சிருக்கே. அதுல நான் என்ன பேசியிருக்கேன்னு வாசிங்கய்யா. அதையே பேசிட்டுப் போறேன்."

பந்தலே சிரித்தது. அதிகாரி ஃபைலை மூடினார். கூட்டம் ரத்தானது.

அடுத்த மாதம் வேறோர் அதிகாரி வெறும் வெள்ளைத்தாளோடு வந்தார். நல்ல மனுஷன். பொழுது சாயும்வரை எல்லோரையும் பேசவிட்டு, ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். ரோஸ்லின் மட்டுமே அரை மணி நேரம் பேசினாள்.

இப்போது அங்கே துறைமுகம் நிற்கிறது. வள்ளம் நிறுத்த இடமில்லை. ரோஸ்லின் துறைமுக கேன்டீனில் டீ கொடுக்கிறாள்.

"எங்க பேச்சைக் கேளுங்கன்னுதான் மல்லுக்கட்டுனேன். கேட்டுட்டாங்க," என்பாள். "கேட்டபடி செய்யணும்னு சொல்ல விட்டுப்போச்சு."