இருநூற்று மூன்றாவது பூ

இந்தக் கதையில் சீடர் குருவைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். சீடர் பெயர் திருமூர்த்தி. செல்போன் செயலிகளை வடிவமைக்கும் வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் குணவதி. மனிதர்கள் எதைக் கண்டால் எதைச் செய்வார்கள் என்பதைப் படித்துத் தேர்ந்தவர்.

ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மாத்திரையை நினைவூட்டும் செயலி ஒன்றைத் திருமூர்த்தி செய்திருந்தார். பக்கவாதம் வந்து பிழைத்த அண்ணன் அர்த்தனாரியை நினைத்தே செய்தது. காலை எட்டுக்கு மணி அடிக்கும். 'போட்டாச்சு' என்ற பச்சை பட்டனை அழுத்தினால் திரையில் ஒரு பூ பூக்கும். ஒருநாள் விட்டால் தோட்டமே வாடிவிடும். ஆசை பாதி, பயம் பாதி. எல்லாம் குருவிடம் கற்றதுதான்.

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் தவறாமல் அழுத்தினார்கள். திருமூர்த்திக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

"மீதி ரெண்டு பேரையும் வழிக்குக் கொண்டுவர என்ன செய்யட்டும், மேடம்?"

நாளைக் காலையில் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போகலாம் என்றார் குணவதி.

போனார்கள். எட்டு மணிக்கு அர்த்தனாரி பேப்பரில் மூழ்கியிருந்தார். மணி அடித்தது. பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே பட்டனை அழுத்தினார். பிறகு பூவை மட்டும் ஆசையாகப் பார்த்தார்.

"இருநூத்தி மூணு நாளு. ஒண்ணுகூட வாடலை" என்று தம்பியிடம் காட்டினார்.

மாத்திரை எங்கே என்று குணவதி கேட்டார். அலமாரியில் வெகுநேரம் தேடி எடுத்துக் கொடுத்தார் அண்ணன். போன மாதம் வாங்கிய அட்டை. பதினைந்தில் நாலுதான் காலி.

ஏன் போடவில்லை என்று கேட்டார் திருமூர்த்தி.

"காப்பி குடிச்சுட்டுப் போடலாம்னு இருக்கறது. அப்படியே மறந்துருது. பட்டனை மட்டும் மறக்கறதில்லடா. தோட்டம் வாடிப்போயிருமல்லோ?"

குணவதி ஒரு மாத்திரையைப் பிரித்து, தண்ணீரோடு அவர் கையில் கொடுத்தார். அவர் விழுங்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது திருமூர்த்தி கேட்டார்.

"மாத்திரையைப் போடுங்கன்னுதானே மேடம் இவ்வளவும் செஞ்சேன்?"

"இல்லீங்க. பட்டனை அழுத்துங்கன்னு செஞ்சீங்க. உங்க அண்ணன் ஒருநாள்கூட உங்க பேச்சைத் தட்டலை."