முதல் கவளம்

“யாரும் வர மாட்டேங்காங்க,” என்றார் ஆவுடையப்பன். “மூணு பேருமே சரிங்காங்க. ஒருத்தரும் வர மாட்டேங்காங்க.”

குரு இசக்கியம்மாள் வாழை இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சிஷ்யர் ஆவுடையப்பன் கம்ப்யூட்டர் பேராசிரியர். குரு ஒரு காலத்தில் அவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர். வாழ்க்கை சில சமயம் ஆளை இப்படித்தான் இடம் மாற்றி உட்கார வைக்கும். இப்போது மலையடிவாரத்தில் குருவுக்கு ஒரு சின்ன மடம். பேராசிரியர் அவரை ‘அம்மா’ என்பார். அவர் இவரை இன்னும் ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்.

“என்ன சொல்லுதாங்க, சார்?”

“பல்கலைக்கழகம் ஆள் தருமாம், ஆஸ்பத்திரி முதல்ல கையெழுத்துப் போட்டா. ஆஸ்பத்திரி நோயாளிங்க பேச்சைப் பதிவு பண்ணித் தருமாம், கம்பெனி முதல்ல கையெழுத்துப் போட்டா. கம்பெனி மெஷின் தருமாம், பல்கலைக்கழகம் முதல்ல போட்டா.”

குரு சிரிக்கவில்லை. நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.

“கம்ப்யூட்டருக்குள்ளயும் இப்படி நடக்குமே, சார். ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு எல்லாமே அப்படியே நிக்கும். நீங்கதான பாடம் எடுத்தீங்க?”

“நீங்க தூங்கிட்டுல்லா இருந்தீங்க?”

“காது முழிச்சிருந்துச்சு.”

ஆவுடையப்பனுக்குக் கோபம் அடங்கவில்லை. பக்கத்தில் அவருடைய அக்கா கோமதி உட்கார்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்தே நாக்கும் உதடும் அவள் சொன்னபடி கேட்காது. அவள் பேசுவது உலகத்தில் தம்பி ஒருவருக்குத்தான் புரியும். அவளைப் போன்றவர்களின் பேச்சைப் புரிந்துகொண்டு தெளிவாகத் திருப்பிச் சொல்கிற மென்பொருளுக்காகத்தான் இத்தனை அலைச்சலும்.

“எனக்கு ஏற்கெனவே ஒரு தடவை மாரடைப்பு வந்துட்டுப் போயிருக்கு, அம்மா. நான் போயிட்டா இவ தண்ணி கேட்டாக்கூட ஒருத்தருக்கும் விளங்காது. அதுக்கு முன்னால யார் முதல்லன்னு அவங்க முடிவு பண்ணணும்.”

“சாப்பிட வாங்க,” என்றார் குரு.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. குரு முதல் கவளம் எடுக்காமல் பந்தியில் யாரும் இலையில் கை வைக்க மாட்டார்கள்.

சோறு வந்தது. சாம்பார் வந்தது. குரு கையைக் கட்டிக்கொண்டார்.

“இன்னிக்கு என் வாத்தியார் முதல்ல.”

“குரு இருக்கையில நானா? மாட்டேன். இந்தப் பெரியவர் ஆரம்பிக்கட்டும்.”

பக்கத்து இலைப் பெரியவர் பதறிப்போனார். “அம்மா சாப்பிடாம எனக்கு எப்படி இறங்கும்?”

குரு ஆவுடையப்பனைப் பார்த்தார். ஆவுடையப்பன் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் குருவைப் பார்த்தார். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. சாம்பார் மட்டும் ஆடை கட்ட ஆரம்பித்திருந்தது.

கோமதி ஏதோ சொன்னாள். உரக்கவே சொன்னாள். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

சொல்லிவிட்டு, ஒரு பெரிய உருண்டையாக உருட்டி வாயில் போட்டுக்கொண்டாள்.

“அக்கா என்ன சொன்னாங்க, சார்?”

ஆவுடையப்பன் தலை குனிந்துகொண்டார். “வெளிய சொல்லுற மாதிரி இல்ல, அம்மா.”

“சொல்லுங்க.”

“‘சோறு ஆறிப்போச்சு. யாருக்காவ காத்துக் கெடக்கிய, மூதிகளா’ன்னு கேக்கா.”

குரு கட்டிய கையை அவிழ்த்துச் சாப்பிடத் தொடங்கினார். பெரியவரும் தொடங்கினார். ஆவுடையப்பன் மட்டும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். பதிவு செய்கிற பொத்தானை அழுத்தி, அவள் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“கையெழுத்து?” என்று கேட்டார் குரு.

“வரும்போது வரட்டும். வந்தா அவங்களுக்கும் இலை போடுவோம்.”

ஆவுடையப்பன் அக்கா பக்கம் சாய்ந்தார்.

“இன்னொரு தடவை திட்டுக்கா.”

அவள் வாயில் சோறு இருந்தது. நிதானமாக விழுங்கினாள். பிறகு திட்டினாள்.