ஒரே பையில் இரண்டு சீட்டுகள்

முன்பொரு நாட்டில் போர் மூண்டிருந்தது. அதன் அதிபர் ஞானாதிக்கம் பெரிய பக்திமான். எதை எழுதினாலும் தாளின் தலையில் சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் எழுதுவார்; மிஷன் பள்ளிக்கூடத்துப் பழக்கம். எழுதியதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பையில் இரண்டு சீட்டுகள் இருந்தன. ஒன்று மன்றாட்டு. அவர் போகுமிடமெல்லாம் கூடவே வரும் மன்றாட்டுப் பெட்டியில் போட, கடவுளுக்கு எழுதியது. மற்றது உத்தரவு. தளபதிக்கு எழுதியது.

"தள்ளிப் படு," என்றது உத்தரவு. "எனக்குத் தலைக்குமேல் வேலை. பன்னிரண்டு மணிக்குமேல் அக்கரை ஊர் இருக்கக்கூடாது."

மன்றாட்டின் மடிப்புகள் நடுங்கின. "அங்கே குழந்தைகள் இருக்கிறார்களே?"

"எதிரியும் அங்கேதான் ஒளிந்திருக்கிறான். அது சரி, உன்மேல் என்ன எழுதியிருக்கிறார்?"

"அக்கரை ஊரில் ஒரு குழந்தைக்கும் கீறல் விழக்கூடாது. பீரங்கிகள் வாய் திறக்கக்கூடாது."

உத்தரவு சிரித்தது. "என்னை எழுதி மை காயுமுன்னே உன்னை எழுதினார், தெரியுமா?"

"பிறகு என்னை ஏன் எழுதினார்?"

"சாப்பாட்டுக்குப் பின் செரிக்க ஒரு மாத்திரை போடுகிறார்களே, அதுபோல."

படைமுகாமை ஒட்டிய சிற்றாலயத்தில் அதிபர் முழங்காலில் நின்று அழுதார். பொய்யழுகை இல்லை, சட்டைப்பை வரை நனைந்தது. கண்ணைத் துடைத்தபடியே எழுந்து, ஒரு சீட்டைப் பெட்டியில் போட்டார். மற்றதை வாசலில் நின்ற சிப்பாயிடம் கொடுத்து, "தளபதிக்கு," என்றார். பிரித்துப் பார்க்கவில்லை.

"ஐயோ, நான் இல்லை!" என்றது மன்றாட்டு. சிப்பாய்க்கு அது கேட்டால்தானே.

தளபதி செபஸ்தியான் மூன்றுமுறை படித்தார். கடவுளுக்கு எதற்கு விலாசம் என்று அதிபர் யார் பெயரையும் எழுதவில்லை. எழுத்து அவருடையது, சிலுவையும் அவருடையது. தளபதி தொப்பியைக் கழற்றிவிட்டுப் பெருமூச்சு விட்டார். பீரங்கிகளுக்கு உறை போடச் சொன்னார்.

பன்னிரண்டுக்குக் கோவில் மணி மட்டும் அடித்தது. அக்கரையில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. தளபதியின் மேசையில் கிடந்த மன்றாட்டுக்கு நம்பவே முடியவில்லை. பலித்துவிட்டது. இவ்வளவுதானா?

தளபதி அதை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போனார். அதிபர் மறுபடியும் முழங்காலில்தான் இருந்தார்.

"சொன்னபடியே செய்துவிட்டேன், ஐயா. ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை."

அதிபரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. "யார் அப்படிச் செய்யச் சொன்னது?"

"நீங்கள்தான். இதோ."

"யோவ், அது கடவுளுக்கு எழுதினது."

தளபதி சீட்டை மறுபடி பார்த்தார். "நீங்கள் கேட்டதுதானே, ஐயா, இது?"

"கேட்டேன்தான். நடக்க வேண்டும் என்றா கேட்டேன்?"

தளபதியின் கையிலிருந்த மன்றாட்டு அதைக் கேட்டது. மை உறைந்துபோயிற்று.

அதிபர் சட்டைக்குள் கைவிட்டு, கழுத்தில் சுரூபப் பதக்கத்தோடு தொங்கிய சாவியால் பெட்டியைத் திறந்தார். உத்தரவைத் தேடியெடுத்தார். இந்தமுறை பிரித்து, இரண்டுதரம் படித்துப் பார்த்துத் தளபதியிடம் கொடுத்தார். மன்றாட்டை அவரிடமிருந்து வாங்கி உள்ளே போட்டுப் பூட்டினார்.

உள்ளே நூற்றுக்கணக்கான சீட்டுகள். எல்லாவற்றின் தலையிலும் சின்னச் சிலுவை.

"நீங்களெல்லாம் எத்தனை நாளாக இங்கே?" என்றது மன்றாட்டு.

"போர் தொடங்கிய நாளிலிருந்து," என்றது பெட்டி. "பதில் வரவில்லை, பதில் வரவில்லை என்று வாராவாரம் என்மேல் சாய்ந்து அழுகிறார். என்னைத் திறக்க இருப்பதே ஒரு சாவி. அது அவர் கழுத்தில்."

வெளியே பீரங்கிகளின் உறையைக் கழற்றும் ஓசை கேட்டது. மன்றாட்டு காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தது.

கொஞ்ச நேரத்தில், அக்கரையில் துணி துவைக்கும் சத்தம் நின்றது.