வெறுந்தூளி

“ஒரே சொல்ல ஆறு விதமாவும் சொல்லிட்டேன் சிஸ்டர். இன்னும் ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கீங்க?” என்றாள் பிலோமி.

சிஸ்டர் லுமினா அவளைவிட நாலு வயது இளையவர். இத்தாலியில் இருந்துவிட்டு வந்து, கடற்கரை மடத்தில் அந்தப் பாஷை சொல்லிக்கொடுத்தார். பாஷை தெரியும் என்று அவர் கையெழுத்துப் போட்டால் பிலோமிக்கு இத்தாலியில் பிள்ளை பார்க்கிற வேலை. மூன்று வருஷம்.

“இன்னொரு தடவை சொல்லுங்கக்கா.”

“குல்லாரேன்னா பிள்ளைய ஆட்டித் தூங்க வைக்கது. குல்லோ, நான் ஆட்டுதேன். குல்லி, நீ ஆட்டுத. குல்லா, அவ ஆட்டுதா...”

நடுவில் சிரித்துவிட்டாள்.

“வீட்டுல அவரு, யாருக்குட்டி குல்லா போடப் போறன்னு கேலி பண்ணுதாரு.”

சிஸ்டர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். நங்கூரம் போட்ட வள்ளம் ஒன்று அலையில் அசைந்துகொண்டிருந்தது.

“கடல் செய்யறதுக்கும் அதே சொல்தான். நடக்காத ஆசையில மனசு சொக்கிக் கிடந்தாலும் அதே சொல்தான்.”

“தெரியும் சிஸ்டர். நோட்டுல எழுதியிருக்கேன்.”

உத்தரத்தில் பிலோமியின் பழைய சேலைத் தூளி தொங்கியது. தினமும் பாடம் முடிகிறவரை ஏழு மாசப் பிள்ளை அதில்தான் தூங்குவான். இன்றைக்குத்தான் முதல் தடவையாக நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

பழகட்டும் என்று.

“மிச்சத்தையும் சொல்லுங்க.”

“குல்லியாமோ, நாம ஆட்டுதோம். குல்லாத்தே...”

சிஸ்டர் எழுந்துபோய்த் தூளியைப் பிடித்து மெல்ல ஆட்டினார்.

சேலை காற்றை மொண்டு மொண்டு போய்வந்தது. உத்தரம் முனகியது. வள்ளம் அசைந்தது. எல்லாம் பிலோமிக்குக் கனவு மாதிரி இருந்தது. வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது.

திடீரென்று பதறி ஓடிவந்து தூளியைக் கட்டிப்பிடித்தாள்.

“ஐயோ, வெறுந்தூளிய ஆட்டாதீங்க சிஸ்டர்! பிள்ளைக்கு வயிறு வலிக்கும்லா!”

“எந்தப் பிள்ளைக்கு?”

பிலோமி தூளிக்குள் முகத்தை வைத்தாள். சேலையில் பால் வாடை அடித்தது. நெஞ்சு கனத்து, ரவிக்கை நனைந்தது.

சிஸ்டர் மேசைக்குப் போய்ப் பேனா மூடியைத் திருகினார்.

“கொண்டாங்க பேப்பரை. போட்டுத் தர்றேன்.”

பிலோமி அதற்குள் தூளியின் முடிச்சை அவிழ்த்திருந்தாள்.

“அக்கா, பேப்பர்!”

குரல் பின்னால் கேட்டது. சேலையை மாரோடு சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டைப் பார்த்து மணலில் ஓடினாள். குல்லோ, குல்லோ என்று வாய் சொல்லிக்கொண்டே வந்தது.

மற்ற ஐந்தும் ஞாபகத்துக்கு வரவில்லை.